அவருக்கு மட்டும் வேறு கிளாஸ்

போன வருஷம் ஆவணி மாதம், நாங்கள் குடியிருக்கும் திண்டிவனத்தில் தொடங்கியது இந்தச் சம்பவம். நான் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். அரிசி மூட்டை வந்தால் தராசில் ஏற்றாமல் கையெழுத்துப் போட்டதில்லை. முட்டை வந்தால் தண்ணீரில் போட்டுப் பார்க்காமல் வேக வைத்ததில்லை. வேலை முடிந்து போனாலும் அந்தப் புத்தி போகவில்லை. வீட்டில் எனக்கு ‘போலீஸ்’ என்று பெயர். மகள் வைத்தது. சொன்னால் என்ன, அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

எங்களுக்கு ஒரே மகள். அவளும் மருமகனும் பெங்களூரில் வேலை பார்க்கிறார்கள். புது வீட்டுக்கு மாறுகிறோம், பால் காய்ச்ச நீங்கள் இரண்டு பேரும் வந்தே ஆகவேண்டும் என்று கூப்பிட்டார்கள். அதுவரை சரி. ஆனால் மருமகன், புதுச்சேரியிலிருந்து விமானத்தில் டிக்கெட் போட்டுவிட்டேன் என்றாரே, அப்போதே எனக்கு மூக்கு வேர்த்துவிட்டது. திண்டிவனத்தில் பஸ் ஏறித்தான் இத்தனை வருஷமும் பெங்களூர் போய் வந்தோம். கை இறுக்கமான மனிதர் வேறு. கேட்டால், “அத்தை, உங்க மூட்டு வலிக்குத்தான்” என்கிறார். இத்தனை நாள் இல்லாத மரியாதை என் மூட்டு வலிக்குத் திடீரென்று எங்கிருந்து வந்தது?

டிக்கெட் போனில் வந்தது. போனில் இருப்பதை நான் நம்புவதில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடையில் இரண்டையும் பேப்பரில் எடுத்தேன். ஒரே தேதி, ஒரே விமானம். ஆனால் கிளாஸ் என்ற இடத்தில் எனக்கு ‘எகானமி சேவர்’ என்று இருந்தது. என் வீட்டுக்காரருக்கு ‘எகானமி ஃப்ளெக்ஸ் பிளஸ்’. போதாததற்கு எனக்குப் பக்கத்தில் ஓர் ஆங்கில எழுத்து, அவருக்கு வேறோர் எழுத்து. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை ஏ செக்‌ஷன், பி செக்‌ஷன் என்று பிரிப்பது போல.

கடைக்காரப் பெண் எட்டிப் பார்த்தாள். “சார் மேல் கிளாஸ்ல போறாரு போலக்கீதும்மா. பிளஸ்னு போட்டுக்கீது பாருங்க” என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. மாமனாருக்கு மேல் கிளாஸ், மாமியாருக்குக் கீழ் கிளாஸா? என் பெண்ணைப் படிக்க வைத்தது யார்? வெயிலில் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக அலைந்தது யார்? அங்கேயே நின்று மகளுக்குப் போன் போட்டேன். “எம்மா, உள்ள எல்லாம் ஒரே சீட்டுதாம்மா. சும்மா பேருக்குப் போட்டுக்கீறாங்க” என்றாள். நான் கேள்வியை முடிக்கவே இல்லை, பதில் வந்துவிட்டது. கேள்வி முடிவதற்குள் வருகிற பதில் முன்பே தயார் செய்த பதில்தான். ஆய்வுக்கு வரும் அதிகாரிகளிடம் நானே அப்படிப் பதில் சொல்லியிருக்கிறேன்.

வீட்டுக்காரரிடம் காட்டினேன். வல்லம் பக்கம் கொஞ்சம் நிலம் வைத்துக்கொண்டு மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போடுகிறவர். பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடி சரியில்லை என்றால்கூட கண்டக்டரிடம் நியாயம் கேட்கிற ஆள். அன்றைக்கு பேப்பரைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. “இன்னா கிளாஸா இருந்தா இன்னா? போய்ச் சேந்தா போதாதா? சும்மா பேஜாரு பண்ணிக்கினு” என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். சந்தேகம் இன்னும் கூடியது. அதற்கு முந்தின வாரம்தான் பட்டா விஷயமாக விழுப்புரம் போகிறேன் என்று காலையில் காபிகூடக் குடிக்காமல் கிளம்பினார். மாலையில் வெறுங்கையோடு வந்தார். அதிகாரி இல்லையாம். மற்ற நாளாக இருந்தால் அந்த அதிகாரியை ஒரு வாரம் திட்டித் தீர்த்திருப்பார். அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. அதையும் மனதில் குறித்து வைத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் பொறுத்தேன். பிறகு, ஒரு துக்கம் விசாரிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு நானும் விழுப்புரம் பஸ் ஏறினேன். அங்கே ஸ்டேஷன் பக்கம் விமான டிக்கெட் போடும் டிராவல்ஸ் ஒன்று இருக்கிறது. அந்த ஆள் போனில் யாருடனோ சண்டை போட்டுக்கொண்டே என் பேப்பர்களைப் பார்த்தார்.

“ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி சீட்டுதாம்மா. சின்ன ஃப்ளைட்டு, அதுல மேலயும் கெடையாது, கீழயும் கெடையாது. இந்தப் பேரெல்லாம் டிக்கெட்டோட வகை. சாருக்கு சாப்பாடு உண்டு, தேதி எப்ப வேணா மாத்திக்கலாம். உங்களுத மாத்த முடியாது. போவலன்னா பணம் போனதுதான்” என்றார். அந்த ஆங்கில எழுத்து என்ன என்று கேட்டேன். அது கம்ப்யூட்டருக்குத்தான் தெரியும் என்று சொல்லிவிட்டு, திருப்பதி டூர் ஒன்று இருக்கிறது, வருகிறீர்களா என்று ஆரம்பித்துவிட்டார்.

மேல் கிளாஸ், கீழ் கிளாஸ் இல்லை என்று தெரிந்ததும் மனசு ஆறியிருக்க வேண்டும். ஆறவில்லை. வெளியே வந்து வெயிலில் நின்றபடி திரும்பி வரும் தேதியைப் பார்த்தேன். இருவருக்கும் அதே புதன்கிழமை. ஒன்றாகப் போகிற புருஷனும் பெண்டாட்டியும் ஒன்றாகத்தானே திரும்பி வருவார்கள்? அவருக்கு மட்டும் எதற்குத் தேதி மாற்றுகிற டிக்கெட்? அவர் என்னோடு வரமாட்டார் என்று யாருக்கோ முன்கூட்டியே தெரிந்திருக்கிறது.

திரும்புகிற பஸ் விக்கிரவாண்டி தாண்டுவதற்குள் எல்லாவற்றையும் கோர்த்து முடித்துவிட்டேன். மகள் வீட்டில் ஏதோ பெரிய பிரச்சினை. பால் காய்ச்சுவது சாக்கு. அப்பா அங்கே தங்கிப் பேசித் தீர்க்கப் போகிறார். அம்மாவுக்கு வாய் நீளம், இருந்தால் காரியம் கெடும், அதனால் அவளைப் புதன்கிழமை பொட்டலம் கட்டி அனுப்பிவிட வேண்டும். விமானம், அவசர பதில், அவருடைய மௌனம், எல்லாம் இதில் கச்சிதமாகப் பொருந்தியது. என் ஒரே பெண்ணின் வாழ்க்கை என்ன ஆகப்போகிறதோ? பக்கத்து சீட்டுப் பெண்மணி, “இன்னாம்மா, ஒடம்பு சரியில்லியா?” என்று கேட்கும் அளவுக்கு முகம் மாறியிருந்தது போல.

வீட்டில் எதையும் கேட்கவில்லை. கேட்டால் பொய்யை மாற்றிச் சொல்லுவார்கள், கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்பது என் கொள்கை. கவனித்துக்கொண்டே இருந்தேன். மூன்று நாள் பயணத்துக்கு அவர் பையில் வேட்டியும் சட்டையுமாகப் பிதுங்கியது. கிளம்புவதற்கு முந்தின நாள் பக்கத்து நிலத்துக்காரரிடம், “நான் வர நாளாவலாம். மல்லாட்டைக்குத் தண்ணி மட்டும் பாத்துக்கோ” என்று சொன்னது பின்கட்டில் நின்ற என் காதில் விழுந்தது. இத்தனை வருஷத்தில் என்னைக் கேட்காமல் அவர் முடிவு செய்தது அதுதான் முதல் என்று நினைத்தேன். ராத்திரி அவர் குறட்டை விடுகிறாரா, தூங்குவது போல நடிக்கிறாரா என்றுகூடப் பார்த்தேன்.

புதுச்சேரியில் விமானம் ஏறினோம். றெக்கையில் காற்றாடி வைத்த சின்ன விமானம். முதல் வரிசை முதல் கடைசி வரிசை வரை நின்று பார்த்தேன். டிராவல்ஸ்காரர் சொன்னது நிஜம்தான், எல்லாம் ஒரே சீட்டு, ஒரே நிறம். எனக்கு ஜன்னலோரம், அவர் பக்கத்தில். மேலே ஏறிக் கொஞ்ச நேரத்தில் பணிப்பெண் வந்து அவரிடம் மட்டும் ஒரு பெட்டியை நீட்டினாள். எனக்கு வேண்டுமென்றால் விலைக்கு வாங்கிக்கொள்ளலாமாம்.

அவர் பெட்டியை என் பக்கம் தள்ளினார். “நீ துன்னு” என்றார்.

“உங்க கிளாசுக்குத்தான குடுத்தாங்க? நீங்களே சாப்பிடுங்க” என்றேன் வெடுக்கென்று.

சண்டை வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ, பிரெட்டில் ஒரு ஓரத்தைப் பிய்த்து வாயில் போட்டார். நான் கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். முகத்தில் குற்ற உணர்ச்சி தெரிகிறதா என்று பார்க்கத்தான். அவர் மென்றார். மென்றுகொண்டே இருந்தார். தண்ணீர் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டு நெஞ்சில் கையை வைத்து அழுத்தினார். கழுத்து நரம்பு புடைத்தது. பிறகு அந்தப் பக்கம் திரும்பி, யாருக்கும் தெரியாமல் கைக்குட்டையில் துப்பி மடித்து வைத்துக்கொண்டார்.

அந்த ஒரு நிமிஷத்தில் நான் கட்டி வைத்திருந்த கதை அத்தனையும் சரிந்தது. இரண்டு மாதமாக அவருக்குக் கேப்பைக்கூழ்தான். சோறு போட்டால் மோர் ஊற்றிக் கரைத்துக் குடிப்பார். சர்க்கரைக்குப் பயந்து வாயைக் கட்டிவிட்டார் என்று நான் தெருவெல்லாம் பெருமை பேசியிருந்தேன். சட்டை தோளில் தொங்குவதை அப்போதுதான் பார்த்தேன். மூட்டை மூட்டையாக எடை பார்த்த எனக்கு, பக்கத்தில் படுத்துத் தூங்குகிற மனிதர் இளைத்துப் போனது தெரியவில்லை.

“எத்தினி நாளா?” என்றேன்.

எதைக் கேட்கிறாய் என்று அவர் கேட்கவில்லை. கைக்குட்டையைப் பைக்குள் வைத்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார். விழுப்புரம் போனது பட்டாவுக்கு இல்லை. டாக்டர் குழாய் விட்டுப் பார்த்து, உணவுக்குழாயில் கட்டி இருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றிருக்கிறார். மருமகன் பெங்களூரில் ஏற்பாடு செய்துவிட்டார். மகளுக்கும் தெரியும். ஊர்ப்பக்கமே வைத்தியம் பார்த்தால் யாராவது என்னிடம் வந்து சொல்லிவிடுவார்கள் என்றுதான் பெங்களூர் வரைக்கும்.

“மாப்ள ரெண்டு பேருக்குமே மாத்தற டிக்கெட்டுதான் போடறேன்னாரு. நாந்தான் ஒனக்கு மாத்த முடியாததா போடச் சொன்னேன். நீ எதையும் வீணாக்க மாட்ட, புதன்கெழமை கெளம்பிப் போயிடுவன்னு நெனச்சேன். நீ அங்க நின்னுக்கினு நான் படறத பாக்க வாணாம்.”

எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். அவர் கையில் நறுக்கென்று கிள்ளிவிட்டேன். பிறகுதான் அழுதேன். அடக்க முடியவில்லை. எதிர் வரிசையில் இருந்த ஒரு பெண்மணி கையை நீட்டி, “பயப்படாதீங்கம்மா, இதோ எறங்கப் போறோம்” என்று தைரியம் சொன்னார். விமானத்துக்குப் பயந்து அழுகிறேன் என்று நினைத்துவிட்டார். நான் தலையை ஆட்டினேன்.

விமான நிலைய வாசலில் காத்திருந்த மகள் என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள். ஓடி வந்து கட்டிக்கொண்டாள். திட்டுவதற்கு வைத்திருந்ததை எல்லாம் விட்டுவிட்டு நானும் அவளை இறுக்கிக்கொண்டேன். பால் காய்ச்சினோம். புதன்கிழமை வந்தது. மருமகன் தயங்கித் தயங்கி, “அத்தை, உங்க டிக்கெட்டு...” என்றார். “போவட்டும்” என்றேன். அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் என் வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவரும் போ என்று சொல்லவில்லை. ஆபரேஷன், அதற்கப்புறம் மருந்து என்று தை பிறந்த பிறகுதான் இரண்டு பேரும் திண்டிவனம் வந்தோம். இப்போது நிமிர்ந்து உட்கார்ந்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுகிறார். ஒவ்வொரு பரிசோதனைக்கும் முன்னால் எனக்கு இன்னும் பயமாகத்தான் இருக்கிறது.

ஒருவர் நம்மிடம் எதையாவது மறைத்தால் அது நம்மை ஏமாற்றத்தான் என்று வாழ்நாள் முழுக்க நினைத்திருந்தேன். சந்தேகப்படும் புத்தி என்னை விட்டுப் போகவில்லை, போகவும் வேண்டாம். ஆனால் இப்போதெல்லாம் யார் என்னிடம் எதை மறைத்தாலும், அவர்கள் ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.