கரைக்குக் காட்டும் பச்சை

ஆழ்வாப்பிள்ளையின் தகரப் பிஸ்கற் ரின்னுக்குள் முப்பத்தொரு பொய்மீன்கள் இருந்தன. பிளாஸ்ரிக்கில் செய்த, வயிற்றிலும் வாலிலும் கொழுக்கி தொங்கும் மீன்கள். சிவப்புத் தலை, நீல முதுகு, றோஸ் வயிறு என்று எந்த நிறமும் பாக்கி இல்லை. வல்வெட்டித்துறைக் கடலில் நாற்பது வருடம், படகுக்குப் பின்னால் தூண்டிலை இழுத்தபடி அறக்குளா மீன் பிடித்த மனிதர். எந்த வெளிச்சத்துக்கு எந்த நிறம் என்பதை மனைவி குணலட்சுமிக்குக்கூட அவர் சொன்னதில்லை.

அதோடு ஒரு பழக்கமும் இருந்தது. கரை தெரியத் தொடங்கியதும், மீன் கடித்த நிறத்தை வெட்டி ரின்னுக்குள் ஒளித்துவிட்டு, தங்கூசி என்ற நைலோன் நூலின் நுனியில் மீன் கடிக்காத பச்சையைக் கட்டிக்கொள்வார். கரையில் நிற்பவர்களின் கண் முதலில் மீனுக்குப் போகும், அடுத்தது தூண்டிலுக்குத்தான் போகும். தொங்குவது பொய் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். அவர்களும் அதையேதான் செய்தார்கள். இதில் யாருக்கும் யார்மேலும் கோபமில்லை.

தெரியாதவன் ஒருவன் வந்து சேர்ந்தான். மகள் பிரதீபாவைக் கட்டிய கஜானன். மருதனார்மடத்தில் வெங்காயமும் புகையிலையும் செய்த குடும்பத்துப் பிள்ளை. "கடல் என்ன, தோட்டம் என்ன, வேலைதானே மாமா" என்று சிரித்துக்கொண்டே தனிப் படகில் ஏறியவன், இருபத்திரண்டு நாளாக வெறும் பெட்டியோடு திரும்பிக்கொண்டிருந்தான். அதே கடல், அதே நேரம். அறக்குளா மட்டும் மாமனாரின் படகுக்கு.

அன்று காலை பிரதீபா தேத்தண்ணியை வைத்துவிட்டு, நின்ற இடத்திலேயே சொன்னாள்.

"அப்பா, அவர் கிளிநொச்சிக்குப் போவம் எண்டுறார். அங்கை தமையன்ரை கடையிலை வேலை இருக்காம். வாற கிழமை வெளிக்கிடுறம்."

"ஏன் பிள்ளை உந்த அவசரம்?"

"கடலுக்குத் தன்னைப் பிடிக்கேல்லையாம். மாமா பாவம், தனக்குக் காட்டவெண்டே தூண்டிலைக் கழட்டாமல் கொண்டு வாறார், அதே நிறத்தைக் கட்டியும் பிடிபடேல்லை, தான்தான் உதவாதவன் எண்டு கவலைப்படுறார்."

ஆழ்வாப்பிள்ளை வாய்க்குக் கொண்டுபோன தேத்தண்ணியைக் கீழே வைத்தார். இருபத்திரண்டு நாளும் அந்த மடையன் பச்சையைக் கட்டியிருக்கிறான். மடையன் அவனா, தானா என்ற கேள்வி வந்ததும் எழுந்துவிட்டார்.

அதன் பிறகு மனிதர் ஓரிடத்தில் இருக்கவில்லை. ரின்னைத் திறந்தார், மூடினார். படலை வரை போனார், செருப்பை மறந்ததாகச் சொல்லித் திரும்பி வந்தார். சொன்னால் மருமகனை ஏமாற்றியவன் என்ற பெயர். சொல்லாவிட்டால் ஒரே மகள் கிளிநொச்சியில். ஒரு நிறத்தைச் சொல்ல இவ்வளவு பாடா என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

"இஞ்சேருங்கோ, கால் சுடுதோ உங்களுக்கு?" என்றாள் குணலட்சுமி. "ஒண்டில் இருங்கோ, இல்லாட்டிப் போங்கோ."

போனார். கரையில் கஜானன் படகு கழுவிக்கொண்டிருந்தான். பக்கத்தில் அயல் படகுக்கார நமசிவாயமும் நாலைந்து தொழிலாளிகளும் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். தனியாகக் கூப்பிட்டுச் சொல்வதாகத்தான் எண்ணம். ஆனால் அவன் நிமிர்ந்து "வாங்கோ மாமா" என்று சிரித்தானே, அந்தச் சிரிப்பை இவரால் தாங்க முடியவில்லை. கையோடு கொண்டுவந்த ரின்னிலிருந்து றோஸை எடுத்து நீட்டினார்.

"தம்பி, நான் காட்டின பச்சை பொய். கடிச்சது இதுக்குத்தான். விடியப்புறம் றோஸ், வெயில் ஏறினால் நீலம். பச்சை கரைக்குக் காட்டுறதுக்கு. உமக்கு அது தெரியாதெண்டு நான் யோசிக்கேல்லை. பிழை என்ரைதான்."

குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது. கரை முழுக்கக் கேட்டது.

நமசிவாயம் வலையை விட்டுவிட்டுச் சிரித்தார். "என்ன அண்ணை, இப்ப வாயாலையும் பச்சை கட்டத் துவங்கிட்டியளோ?"

எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர்கூட நம்பவில்லை. கஜானன் மட்டும் சிரிக்காமல் றோஸையும் மாமனாரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு அதை வாங்கிப் படகுக்குள் வைத்தான்.

மறுநாள் ஆழ்வாப்பிள்ளை தொழிலுக்குப் போகவில்லை. முழங்கால் நோகுது என்றார். அந்த முழங்காலோடு விடிந்ததிலிருந்து கரையை மேலும் கீழுமாக அளந்துகொண்டிருந்தார். அவன் நம்பினானா? நம்பிக் கட்டியும் கடிக்காவிட்டால்? நாற்பது வருடத்தில் ஒரு படகுக்காக அவர் இப்படிக் காத்திருந்ததில்லை.

ஒன்பது மணிபோல் படகு வந்தது. பெட்டியில் மூன்று அறக்குளா, ஒன்று நல்ல பெரிது. நமசிவாயம் ஓடிவந்து மீனைப் பார்த்தார், பிறகு தூண்டிலைப் பார்த்தார். ஆழ்வாப்பிள்ளையும் பார்த்தார்.

தங்கூசி நுனியில் பச்சை தொங்கியது.

கஜானன் முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை. ஆழ்வாப்பிள்ளை பெட்டிக்குக் கை கொடுக்கக் குனிந்தார். பெரிய மீனின் பல்லிடுக்கில் றோஸ் பெயின்ற் துளி ஒன்று ஒட்டியிருந்தது. கண் கலங்கிவிட்டது. நமசிவாயம் கிட்ட வருமுன் பெருவிரலால் அதை வழித்து எறிந்தார்.

"பச்சைக்குத்தான் கடிச்சதோ தம்பி?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார்.

"ஓம் மாமா" என்றான் கஜானன். "நாளைக்கும் பச்சைதான் கட்டப்போறன்."