மைக்கில் சொன்ன சாட்சி

கடந்த மாரியில் டெங்கு வந்தபோது என் மகனும் அடுத்த வீட்டுக்காரியின் மகளும் ஒரே வார்ட்டில்தான் கிடந்தார்கள். எங்கள் ஊர் கல்லாற்றில் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு கிடுகு வேலி மட்டும். அவள் முற்றத்துப் பப்பாசி இலையைப் பிழிந்துதான் இரண்டு பிள்ளைகளுக்கும் சாறு பருக்கினோம். ஆஸ்பத்திரி விறாந்தையில் நின்று, ஒருத்தி கேட்க மற்றவள் ஆமென் சொல்லி, இருவரும் ஒரே ஜெபத்தைத்தான் செய்தோம்.

என் மகன் நடந்து வீட்டுக்கு வந்தான். அவள் மகளைப் பெட்டியில் கொண்டு வந்தார்கள்.

நோயிலிருந்து எழும்பியவர்கள் ஞாயிறு ஆராதனையில் முன்னால் போய்ச் சாட்சி சொல்வது எங்கள் சபை வழக்கம். சொல்லாமல் விட்டால் கிடைத்த சுகம் திரும்பிப் போய்விடுமோ என்று எனக்குப் பயம். போதகர் கூப்பிடும் முன்னமே எழும்பிப் போனேன். எனக்குச் சும்மாவே வாய் நீளம்; மைக் கிடைத்தால் கேட்கவா வேண்டும்! “விசுவாசத்தோடு கேட்டேன், கர்த்தர் என் பிள்ளையைத் தந்தார்” என்றேன். சபை முழுக்க அல்லேலூயா சொன்னது. பெண்கள் பக்கத்துக் கடைசி வாங்குப் பலகையில் இருந்து அவளும் சொன்னாள். அடக்கத்துக்குப் பிறகு அவள் வாசல் படலையைத் தாண்டியதே இல்லை. அன்று வந்திருப்பாள் என்று நான் நினைக்கவில்லை. வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது என்பார்கள். நான் அதை மைக் பிடித்துச் செய்தேன்.

ஆராதனை முடிந்ததும் அவளே என்னிடம் வந்தாள். ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

“அக்கா, நீங்க கேட்டதத்தானே நானும் கேட்டன். என்ட விசுவாசத்தில என்ன குறை?”

“அப்பிடி இல்லகா…” என்று தொடங்கினேன். தேவ சித்தம் என்று எத்தனை சாவு வீட்டில் சொல்லியிருப்பேன்! அவள் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியவில்லை. அவள் பிள்ளைக்கு இல்லாத என்ன தகுதி என் பிள்ளைக்கு? கர்த்தரிடம் கோபத்தோடுதான் கேட்டேன். என் மகன் வீட்டு வளவில் பந்தடித்துச் சிரித்தால், வேலிக்கு அப்பால் கேட்குமே என்று அவனை அதட்டினேன். சுகம் தந்தவருக்கு நான் செலுத்திய நன்றி அதுதான்.

அந்தப் புதன்கிழமை வீட்டு ஜெபக் கூட்டம் எங்கள் வீட்டில். அவளும் வந்து என் பக்கத்தில் பாயில் இருந்தாள். போதகர் என்னை ஜெபிக்கச் சொன்னார். நான் தலையைக் குனிந்தபடியே இருந்தேன். எல்லாரும் காத்திருந்தார்கள்.

“ஆண்டவரே, அக்காட மகன நல்லா வெச்சிருங்க” என்று அவள் தொடங்கினாள்.

தன் பிள்ளையைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. அவள் முடித்தபோது ஆமென் சொல்ல எனக்கு வாய் கூசியது. ஆனாலும் எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னேன். என் பிள்ளைக்கல்லவா கேட்டாள்!