வெள்ளிக்கிழமை மதியம் டொக்டர் கதைத்தது

எங்கள் டொக்டர் கதைக்கத் தொடங்கினால் நிறுத்தமாட்டார். பல் வைத்தியர் என்பதால் அவருக்கு அது பெரிய வசதி. கதிரையில் சாய்ந்திருப்பவரின் வாய்க்குள் பஞ்சும், கண்ணாடியும், இவருடைய இரண்டு விரலும் இருக்கும். அந்த நேரம் பார்த்து, கடைசியாக எப்போது ஊருக்குப் போனீர்கள் என்று கேட்பார். அவர்கள் தொண்டையால் ஏதோ முனகுவார்கள். இவர் அதற்கும் தலையாட்டிவிட்டு, பெய்ரூட்டில் தான் சின்னப் பையனாகத் திரிந்த தெருவைப் பற்றித் தொடங்கிவிடுவார். வோபர்னிலிருந்து வரும் ஒரு அன்ரி ஒருநாள் வாயைக் கொப்பளித்துவிட்டு என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"பிள்ளை, உவர் பதில் வேணுமெண்டு கேக்கிறாரோ, இல்லாட்டிச் சும்மா கேக்கிறாரோ?"

சும்மாதான் அன்ரி, நீங்கள் யோசிக்காதேங்கோ என்றேன்.

நான் அவருடைய உதவியாளர். ரொறன்ரோவின் அஜின்கோர்ட்டில், ஒரு சாறிக்கடைக்கும் பேக்கரிக்கும் நடுவில் எங்கள் கிளினிக். எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பது என் வேலை என்பதால் அவருடைய எல்லாக் கதையும் எனக்குப் பாடம். டொக்டர் ஆர்மேனியர். அவருடைய தாத்தா லெபனானில் ஓர் அநாதை இல்லத்தில் வளர்ந்தவர். இனப்படுகொலைக்குத் தப்பிய அந்தத் தலைமுறையில் பாதிப்பேர் அப்படித்தான் வளர்ந்தார்கள் என்பார். அதனால் ரொறன்ரோவில் இருக்கும் ஆர்மேனியர்களுக்குத் தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள் என்றால் அடுத்த வீட்டு விஷயம் இல்லை, சொந்த வீட்டு விஷயம். ஆர்மேனியாவில் இருக்கும் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு உதவ ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். அதன் ரொறன்ரோக் கிளைக்கு டொக்டரின் மனைவிதான் தலைவி. ஒவ்வொரு குடும்பமும் ஒரு பிள்ளையைப் பொறுப்பெடுக்கும். டொக்டருடைய பொறுப்பில் ஒரு பெண் பிள்ளை இருந்தாள். பதினொரு வயது. எல்லைச் சண்டையில் தகப்பன் போய்விட்டார். தாய் அதற்கு முதலே இல்லை. டொக்டரின் உதவியில்தான் அவள் பட்டணத்து இல்லத்தில் தங்கிப் பள்ளிக்கூடம் போனாள்.

அந்தக் கிளைக்குள் நான் எப்படிப் போனேன் என்று எங்கள் தமிழ் ஆட்கள் கேட்பார்கள். வருடத்தில் ஒருமுறை தேவாலய மண்டபத்தில் பெரிய விருந்து வைப்பார்கள். திராட்சை இலையில் சோறு சுற்ற நூறு கை உண்டு. அந்த நூறு கையையும் அதட்டி வரிசையில் நிற்கவைக்க ஒரு வாய் இல்லை. டொக்டரின் மனைவி என் வாயைக் கிளினிக்கில் பார்த்திருக்கிறார், வரச்சொன்னார். அவர்களும் எங்களைப் போலத்தான். ஆறு மணி என்று சொன்னால் ஏழரைக்கு வருவார்கள், அழுவார்கள், அழுது முடிந்ததும் நன்றாகச் சாப்பிடுவார்கள். எனக்குப் புதிதாகப் பழக ஒன்றும் இருக்கவில்லை.

விருந்தில் முக்கியமானது வீடியோ. இல்லத்துப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து, நெஞ்சில் கை வைத்து, தங்கள் பெயரைச் சொல்லி, ரொறன்ரோவுக்கு நன்றி சொல்வார்கள். அவரவர் பிள்ளை திரையில் வரும்போது அந்த மேசை கைதட்டும். மற்றவர்கள் கண் துடைப்பார்கள். நான் அந்த நேரம் பார்த்துத் தட்டு எடுக்க உள்ளே போய்விடுவேன். எனக்கு அந்த வீடியோ பிடிக்காது.

ஏனென்றால் நானும் இல்லத்தில் வளர்ந்தவள். மட்டக்களப்புப் பக்கம். வெளிநாட்டிலிருந்து உதவுகிறவர்கள் வான் வண்டியில் வந்து இறங்குவார்கள். நாங்கள் உயரப்படி நிற்போம். தேங்க் யூ அங்கிள், தேங்க் யூ அன்ரி. என் குரல் பெரியது என்று என்னை முதல் வரிசையில் விடுவார்கள். நான் அதில் கெட்டிக்காரி. எந்த இடத்தில் குரலைத் தாழ்த்தினால் அன்ரிமார் கைக்குட்டை எடுப்பார்கள் என்று எனக்குத் தெரியும். நல்ல மனிதர்கள், அவர்கள் தந்த சோற்றில்தான் வளர்ந்தேன், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்தப் பழக்கம் உடம்பில் ஊறிவிட்டது. இன்றைக்கும் பஸ் ட்ரைவருக்கு ஏறும்போது ஒரு நன்றி, இறங்கும்போது ஒரு நன்றி. மறுபக்கம், யாரிடமும் எதையும் கேட்கமாட்டேன். பிள்ளைப்பேற்றுக்குப் போன ஆஸ்பத்திரியில் நேர்ஸைக் கூப்பிடத் தந்த பொத்தானை நான் அமத்தவே இல்லை. மகள் சனிக்கிழமை தோறும் பள்ளிக்கூட அணியில் கூடைப்பந்து விளையாடுவாள்; எனக்குச் சனிக்கிழமை வேலை. கேட்டிருந்தால் டொக்டர் லீவு தந்திருப்பார்தான். கேட்கவில்லை.

போன வருட விருந்தில் வீடியோ ஓடும்போது நான் உள்ளே போகத் தாமதமாகிவிட்டது. டொக்டர் பொறுப்பெடுத்த பிள்ளை திரையில் வந்து நின்றாள். நெஞ்சில் கை வைக்கவில்லை. வாயை இறுக்கி மூடிக்கொண்டு எங்களையே பார்த்தாள். பக்கத்திலிருந்து யாரோ ஒரு பெரிய ஆளின் கை வந்து தோளில் தட்டியது. அவள் அசையவில்லை. வீடியோ கடைசி நேரத்தில் வந்து சேர்ந்ததால் டொக்டரின் மனைவியும் அதை முன்பே பார்த்திருக்கவில்லை. மண்டபத்தில் ஒரு சங்கடமான சிரிப்பு. டொக்டர் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தார்.

திங்கட்கிழமை அவர் கதைக்கவில்லை. பஞ்சை வைத்தார், துளைத்தார், அடைத்தார், கையுறையைக் கழற்றினார். வோபர்ன் அன்ரி பயந்துபோனார். "டொக்டருக்குச் சுகமில்லையோ?" என்று என் கையைப் பிடித்துக் கேட்டார். மதியம் சாப்பாட்டு அறையில் டொக்டர் என்னிடம் விஷயத்தைச் சொன்னார். வேறு பிள்ளை தரும்படி மனைவியிடம் கேட்கப்போகிறார். சந்தோஷமாக இருக்கும் ஒரு பிள்ளையாக. இவளை வேறு யாராவது எடுக்கட்டும். வேறு யாரும் வரிசையில் நிற்கவில்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். யாரும் எடுக்காவிட்டால் அவள் பட்டணத்தையும் பள்ளிக்கூடத்தையும் விட்டுக் கிராமத்தில் யாரோ ஒரு தூரத்து உறவின் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

இரவு வீட்டில் சொன்னேன். கணவர் சோற்றைப் பிசைந்தபடி, "உமக்கேன் உந்த வேலை? அவர் உம்மடை முதலாளி, அது அவையின்ரை பிள்ளை" என்றார். இரண்டும் சரிதான். எனக்கு நித்திரை வரவில்லை.

அடுத்த நாள் மதியம் டொக்டர் சாண்ட்விச்சைப் பிரிக்கமுதல் நான் தொடங்கிவிட்டேன். நான் எங்கே வளர்ந்தேன் என்பதை அவரிடம் அதுவரை சொன்னதில்லை. உயரப்படி நின்றது, குரலைத் தாழ்த்தியது, எல்லாம் சொன்னேன். பிறகு அவருடைய தாத்தாவைப் பிடித்தேன்.

"டொக்டர், உங்கள் தாத்தா அந்த இல்லத்தைப் பற்றிச் சாகும்வரை வாய் திறக்கவில்லை என்று உங்கள் கதிரையில் இருந்த எல்லோருக்கும் சொல்லியிருக்கிறீர்கள். சொல்லும்போது பெருமையாகத்தானே சொல்வீர்கள். இவளும் அதைத்தான் செய்திருக்கிறாள்."

அவர் சாண்ட்விச்சைத் தள்ளிவைத்தார். முகம் சிவந்திருந்தது. வேலை போச்சு என்றுதான் நினைத்தேன். கடைசியில், அப்படியென்றால் அவள் என்னதான் சொல்லவேண்டும் என்று கேட்டார்.

"ஒன்றும் சொல்லவேண்டாம். நீங்கள் கதையுங்கள்."

"பதில் சொல்லாத பிள்ளையோடு எப்படிக் கதைப்பது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முப்பது வருடமாக நீங்கள் வேறு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். அவருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் மேசையில் அடித்துச் சிரித்தார்.

வெள்ளிக்கிழமை மதியம் வொய்ஸ் மெசேஜ் அனுப்புவது என்று முடிவானது. போனைக் கையில் கொடுத்தால் மனிதருக்கு வாய் கட்டிப்போய்விட்டது. தொண்டையைச் செருமினார், வைத்தார், எடுத்தார். பிறகு அவரே எழுந்து சிகிச்சை அறைக்குள் போய், விளக்கைப் போட்டு, தன் ஸ்டூலில் உட்கார்ந்து, வெறும் கதிரையைப் பார்த்துக் கதைக்கத் தொடங்கினார். நான் வழக்கமாகக் குழாய் பிடிக்கும் இடத்தில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆர்மேனிய மொழி எனக்குத் தெரியாது. ஆனாலும் கை ஆட்டிய விதத்தில் அது பேக்கரிக்காரரோடு நடக்கும் பார்க்கிங் சண்டை என்று விளங்கியது.

டொக்டரின் மனைவி அதை இல்லத்துப் பொறுப்பாளரின் போனுக்கு அனுப்புவார். பிள்ளை கேட்கிறாள், கேட்டுவிட்டு எழுந்து போகிறாள் என்று பதில் வரும். அவ்வளவுதான். டொக்டர் விடவில்லை. பனி விழுந்தது, பனி கரைந்தது. முழங்கால் வலி, வீட்டுப் பின்வளவுத் தக்காளி, பெய்ரூட்டில் கடலுக்குப் போய் அடிவாங்கிய கதை என்று ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கதிரைக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு கிழமை காய்ச்சலில் படுத்திருந்தபோதும் கட்டிலில் இருந்து அனுப்பினார். வேறு பிள்ளை வேண்டும் என்ற பேச்சு பிறகு வரவேயில்லை. நான்தான் உள்ளுக்குள் பயந்துகொண்டிருந்தேன். பெரிய மனுஷிபோல யோசனை சொன்னவள் நான் அல்லவா.

ஜூலையில் ஒருநாள் டொக்டர் தன் அறையிலிருந்து என்னைக் கூப்பிட்டார். போனில் ஒரு படம். இருட்டாக, கலங்கலாக, முழுக்கத் திறந்த ஒரு வாய். ஒரு சின்ன விரல் கன்னத்தை இழுத்துப் பிடித்திருந்தது. கூடவே ஒரு குரல். கரகரத்த குரல், கொஞ்சம் கோபமான குரல். டொக்டர் எனக்கு மொழிபெயர்த்தார்.

"பின்பக்கத்துப் பல் நோகுது. பிடுங்கப்போகிறார்களாம். எனக்கு விருப்பமில்லை. பிடுங்கவேண்டாம் என்று நீங்கள் சொல்லுங்கள்."

வணக்கம் இல்லை, நன்றி இல்லை. டொக்டர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். ரூட் கனால் செய்து காப்பாற்றலாம் என்றார். அந்த நிமிடமே மனைவிக்குப் போன் அடித்து, இல்லத்துக்குப் போன் அடித்து, அந்த ஊர்ப் பல் வைத்தியரின் நம்பர் வாங்கி, அவரோடு சத்தமாக வாதாடத் தொடங்கினார். பல் உடைந்து தெறித்த ஒருவர் வெளியே காத்திருந்தார். இன்னும் கொஞ்சம் காத்திருக்கச் சொன்னேன்.

பிறகு கருவிகள் கழுவும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். கவலையில் இல்லை. அந்தப் பிள்ளை வாய் திறந்து முதன்முதலாகச் சொன்னது, எனக்கு இது வேண்டும் என்பது. அந்த வயதில் நான் ஆயிரம் நன்றி சொல்லியிருப்பேன். இப்படி ஒன்று கேட்டதில்லை. கேட்கலாம் என்றே எனக்குத் தெரியாது.

முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தேன். டொக்டர் போனை வைத்துவிட்டுக் கையுறை போட்டுக்கொண்டிருந்தார். பல் தப்பியது என்றார்.

"டொக்டர், எனக்குச் சனிக்கிழமையில் லீவு வேண்டும். எல்லாச் சனிக்கிழமையும்" என்றேன்.

"சரி" என்றார், தலை நிமிராமல். "அடுத்த ஆளைக் கூப்பிடு."

நன்றி நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை அங்கேயே வைத்துக்கொண்டு, பல் தெறித்தவரை உள்ளே வரச்சொன்னேன்.