பாக்கியவதியின் கால் தேய்க்கும் கல்

பாலகாட் தங்கச் சுரங்கத்து ராஜப்பாவிடம் எதன் வயதைப் பற்றிப் பேசினாலும், "எத்தினி அடி ஆழத்துல கிடைச்சுது?" என்றுதான் கேட்பார். இருபத்திரண்டு வருடம் கேஜ் என்ற இரும்புக் கூண்டில் இறங்கித் தங்கம் வெட்டியவர். பத்தாயிரம் அடிக்குக் கீழே, பாறைச் சூட்டில், டிபன் பாக்ஸ் இட்லி மறுபடி வெந்ததாம். போன பொங்கலுக்குச் சொன்னபோது சட்னியும் கொதித்தது.

சுரங்கத்தை மூடியதும் குஜராத்தில் பழுப்பு நிலக்கரி தோண்டப் போனார். லாரியே உள்ளே இறங்கி ஏறும் திறந்த குழி அது. நம் ஆளுக்கு அதைச் சுரங்கம் என்று சொல்லவே வெட்கம். முன்னூறு அடியில் பற்களோடு ஒரு தாடைத் துண்டு கிடைத்தது. "இவ்ளோ மேலயா? எவனோட கழுதையோ போன வருஷம் செத்திருக்கும்" என்று பையில் போட்டு வந்தார். அவர் மனைவி பாக்கியவதி அதன் சொரசொரப்பைத் தடவிப் பார்த்து, குளியலறையில் வைத்துக் குதிகால் தேய்த்தாள். பதினெட்டு வருடம்.

போன மாதம் பழைய சுரங்கப் பாறைகளைப் பார்க்கப் பெங்களூரிலிருந்து நேத்ரா என்ற புவியியல் ஆய்வாளர் வந்தார். ராஜப்பா வீட்டில் கை கழுவப் போனவர் அந்தக் கல்லோடு ஓடி வந்தார்.

"சார், இது காண்டாமிருகத்துக்குத் தூரத்துச் சொந்தம்! இனமே அழிஞ்சுபோச்சு. வயசு அஞ்சரைக் கோடி வருஷம் இருக்கும்."

"முன்னூறு அடிக்கு அஞ்சரைக் கோடியா? அப்போ எங்க பத்தாயிரம் அடி?"

"ஆழத்தை வச்சு வயசு சொல்ல முடியாது சார். உங்க பாறை இருநூறு கோடிக்கும் மேல. ஆனா அப்போ பல்லு வச்ச பிராணி ஒண்ணுகூட இல்ல."

அருங்காட்சியகத்தில், கண்டெடுத்தவர் ராஜப்பா என்று பெயர் எழுதி வைக்கலாம் என்றார் நேத்ரா. ராஜப்பா உள்ளே போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார்.

நேத்ரா பூதக்கண்ணாடியில் உற்றுப் பார்த்தார். "பல்லு ரொம்பத் தேஞ்சிருக்கே! பயங்கர முரட்டுத் தீனி தின்னிருக்கு. இது புது விஷயம், கட்டுரையில எழுதிடறேன்."

பாக்கியவதி இரண்டு பாதங்களையும் மெல்லப் புடவைக்குள் இழுத்துக்கொண்டு கணவரை ஒரு பார்வை பார்த்தாள். உண்மையைச் சொன்னால் பெயர் போய்விடலாம். ராத்திரிச் சோறும் போய்விடலாம். இட்லியை வேகவைத்த வாய் இரண்டு முறை திறந்து மூடியது.

"அத்த எழுதாதம்மா" என்றார் கடைசியில். "போன பதினெட்டு வருஷமா அதுக்கு வேற தீனி."

"இன்னாத்துக்குச் சுத்தி வளைக்கிறீங்க?" பாக்கியவதி காலை நீட்டினாள். "தோ, இதான்மா தீனி. பொறுக்கினவரு பேரை எழுதினா, தேச்சவ பேரும் பக்கத்துல இருக்கணும்."