தீபாவளிக்கு மறுவாரம் மாலத்தீவு

என் மனைவியின் அண்ணனுக்கு அருள்புரத்தில் பனியன் கம்பெனி. எனக்கு அங்கே ஒரு நாற்காலி. கட்டிங் மாஸ்டர் வெட்டுகிறார், மேனேஜர் விரட்டுகிறார், நான் உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் பக்கத்தில் இது ஒரு பதவி. எத்தனை மேனேஜர் வைத்தாலும் முதலாளி குடும்பத்து 'ஊட்டு ஆளு' ஒருத்தர் தொழிலாளர்களின் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அவர் கையில் புத்தகம் இருந்தாலும் பரவாயில்லை. புத்தி இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

ஆகவே குடும்பம் கொடைக்கானல் போனபோதும், சிங்கப்பூர் போனபோதும் நான் நாற்காலியில் இருந்தேன். இந்த முறை மாலத்தீவு என்று பேச்சு எழுந்ததுமே ஏற்பாடுகளை நானே பிடுங்கிக்கொண்டேன். டிக்கெட்டும் எடுத்துவிட்டேன். ஏற்பாடு செய்தவனையே விட்டுவிட்டு எப்படிப் போவார்கள்? ஐம்பதைத் தாண்டிய ஒருவன் இப்படி யோசித்தான் என்பதை, வாசிப்பு அறிவை வளர்க்கும் என்று நம்புகிறவர்கள் கவனிக்கவும்.

பவளப்பாறைகளைப் பற்றிப் படித்தேன். எந்தத் தீவில் கரையோரமாகவே மீன்களைப் பார்க்கலாம், கடல் எப்போது உள்வாங்கும் என்றெல்லாம் தினமும் சாப்பிடும்போது விளக்கினேன். மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள். அப்படித்தான் நினைத்தேன்.

தேதியில்தான் என் மேதைமை முழுவதும் இருந்தது. தீபாவளிக்கு மறுவாரம். வடக்கத்திக்காரர்களும் தெக்கத்திக்காரர்களும் ஊருக்குப் போயிருப்பார்கள். மெஷின் ஓடாது. ஓடாத கம்பெனிக்கு எதற்கு ஆள்?

ஞாயிற்றுக்கிழமை மச்சினர் வீட்டுக் கூடத்தில் எல்லோர் முன்னாலும் திட்டத்தை வாசித்தேன். மச்சினர் கடைசிவரை கேட்டார்.

"அருமைங்க மாப்ள. ஏஜென்டுகூட இத்தன சுத்தமாப் பண்ணியிருக்க மாட்டான். அந்த வாரம் கம்பெனில யாருங்க?"

"கம்பெனி லீவுங்களே."

"அதுக்குத்தானுங்க கேக்கறேன். ஊருக்குப் போன டெய்லரு என்னிக்கு வருவான்னு அவனுக்கே தெரியாது. பஸ்ஸ உட்டு எறங்கி, பையோட வந்து எட்டிப் பாப்பான். ஊட்டு ஆளு மூஞ்சி தெரியலைன்னா அதே பையோட பக்கத்துக் கம்பெனிக்குப் போயிருவான். மத்த வாரமெல்லாம் நீங்க இல்லீன்னாலும் ஓடிரும்ங்க. அந்த வாரந்தான் ஆகாது."

வருடத்தில் நான் இன்றியமையாதவனாக இருக்கும் ஒரே வாரத்தைத் தேடிப் பிடித்திருக்கிறேன்.

"தேதிய வேணா மாத்திக்கலாங்களே?"

"எம் பொண்ணுக்கு அப்பத்தானுங்க காலேஜ் லீவு." தோளில் தட்டினார். "நீங்க அங்க போயிப் புதுசா என்னத்தப் பாக்கப்போறீங்க? எந்த மீனு எந்தப் பொந்துல இருக்குதுன்னு இங்க நாற்காலில குக்கிட்டே சொல்றீங்க. ஒண்ணுந் தெரியாத நாங்க போயிப் பாத்துட்டு வந்தர்றமுங்க."

கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன், மற்றவர்களைவிடக் கொஞ்சம் சத்தமாகவே. எங்கள் ஊர் மரியாதையில் அது ஒரு வசதி. வெட்டுகிற இடத்தில் மருந்தும் தடவியே வெட்டுவார்கள். எரிச்சல் வீட்டுக்குப் போகும் வழியில்தான் தொடங்கும்.

எனக்கு இன்னும் ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. 'அவரில்லாம நானும் போகல' என்று மனைவி சொல்லிவிட்டால் கதை மாறும். அண்ணன் முன்னால் சொல்லவில்லை. காரில் சொல்லுவாள்.

"ஏனுங்க," என்றாள் காரில்.

"சொல்லு."

"உங்க டிக்கெட்ட உடுமலைப்பேட்டையில இருக்கற தங்கச்சி பேருக்கு மாத்த முடியுங்களா? எங்கூட ரூம்ல இருந்துக்குவா."

"நான் வராதது உனக்கு ஒண்ணுமே இல்லியா?"

யோசித்தாள். யோசிக்காமல் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"வருத்தந்தானுங்க. ஆனா நீங்க வந்தா, அது என்ன மீனு, எதத் திங்கும், ஏன் அந்தக் கலருல இருக்குதுன்னு சொல்லிக்கிட்டே வருவீங்க. ஒருக்கா கடலச் சும்மா பாத்துட்டு வர்றனுங்களே."

குரலில் கோபமே இல்லை. அனுமதி கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

விமான டிக்கெட்டில் பெயரை மாற்ற முடியாது, ரத்து செய்துவிட்டுப் புதிதாகத்தான் எடுக்க வேண்டும், அதற்குக் காரணம் என்னவென்றால் என்று ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

"புதுசா எடுத்தர்லாம்," என்றேன்.

அவள் அப்போதே தங்கைக்குப் போன் போட்டாள்.