மூன்று நிலைகளும் ராத்தாவின் வீடும்

ஞாயிற்றுக்கிழமைகளில் கல்முனையில், ஒரு புடவைக்கடையின் மேல்மாடியில், வெளிவாரிப் பட்டப்படிப்புக்காரருக்குச் சமூகவியல் படிப்பிக்கிறேன். மாணவர்கள் என்று பேர்தான். பலர் என் வயதுக்காரர்கள். அலுவலகங்களில் வேலை செய்பவர்கள், ஆஸ்பத்திரித் தாதிமார், மருதமுனையிலிருந்து கைக்குழந்தையை உம்மாவிடம் விட்டுவிட்டு வரும் ஒரு பெண்.

ஒவ்வொரு வருடமும் ஆரம்ப வகுப்புகளில் ஒரு கோட்பாடு வரும். மனித சிந்தனை மூன்று நிலைகளைத் தாண்டி வளர்கிறது என்பார்கள். முதல் நிலையில், நடப்பவை எல்லாம் இறைவனின் சித்தம் என்று மனிதன் எண்ணுகிறான். அது இறையியல் நிலை. அடுத்ததில் இயற்கை, விதி, சக்தி என்று உருவமில்லாத ஒன்றைக் காரணமாகச் சொல்கிறான். பாடத்தில் அதற்குப் பௌதீகவதீத நிலை என்று பெயர். கடைசியில், ஏன் நடந்தது என்ற கேள்வியை வைத்துவிட்டு எப்படி நடக்கிறது என்று பார்க்கத் தொடங்குகிறான். அளக்கிறான், ஒப்பிடுகிறான். அது விஞ்ஞான நிலை. சமூகம் மட்டுமல்ல, தனி மனிதனும் இதே வரிசையில்தான் வளர்கிறான் என்றும் சொல்லப்படுகிறது.

நான் வெண்பலகையில் மூன்று பெட்டி கீறி, இடமிருந்து வலமாக அம்புக்குறி போடுவேன். எல்லோரும் எழுதிக்கொள்வார்கள். பல வருடமாக அந்த அம்புக்குறியில் எனக்கு எந்தச் சந்தேகமும் வந்ததில்லை. பிறகு, ராத்தா என்று நான் கூப்பிடும் என் மூத்த சகோதரியின் வீட்டைக் கடல் நெருங்கியது.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. ஒலுவிலுக்குப் பக்கத்தில், கரையோரத்தில் இருந்த எங்கள் வீடு ராத்தாவுக்குப் போனது. நான் கலியாணம் முடித்துப் பெண்வீடு வந்து கல்முனைக்காரனானேன். மச்சான், அதாவது ராத்தாவின் கணவர், பக்கத்து ஊர்ப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வுபெற்றவர். அவரும் என்னை மச்சான் என்றுதான் கூப்பிடுவார். ஐந்து வேளைத் தொழுகையும் தவறவிடாதவர். ஆனால் மழை ஏன் பெய்கிறது என்று யாராவது கேட்டால் ஆவியாதலிலிருந்துதான் ஆரம்பிப்பார்.

முதல் மாரிமழைக் காலத்தில் வேலியோரத்துத் தாழம்பற்றை கடலோடு போனது. நான் பார்க்கப் போனேன். மச்சான் தேத்தண்ணித் தட்டத்தில் மணலைக் கொட்டி வைத்திருந்தார். ஒரு பக்கத்தில் கோப்பையால் தண்ணீர் ஊற்றி, விரலால் அசைத்துக் காட்டினார்.

"இஞ்ச பாருங்க மச்சான். மணல் ஒரு இடத்துல நிக்கிற சாமான் இல்ல. நீரோட்டம் அத கரையோட இழுத்துக்குப் போகும். ஒரு இடத்துல சேந்தா இன்னொரு இடத்துல கொறையும். இதுக்கு ஒரு கணக்கு இரிக்கி."

ராத்தா அடுப்பு எரியும் குசினிக்குள் இருந்து எட்டிப் பார்த்தாள். "அல்லாஹ் தந்த மண்ண அவன் எடுக்கான். நீங்க தட்டத்துல வெச்சி என்ன செய்யப் போறீங்க? தட்டத்தக் கழுவித் தாங்க, தம்பிக்குத் தேத்தண்ணி வெக்கணும்."

நான் சிரித்தேன். என் பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது என்று பட்டது. ஒரே கூரையின் கீழ் முதல் பெட்டியும் மூன்றாவது பெட்டியும். அடுத்த ஞாயிறு வகுப்பில் யார் என்று சொல்லாமல் அந்தத் தட்டத்துக் கதையைச் சொன்னேன். எல்லோருக்கும் பிடித்திருந்தது.

அடுத்த வருடம் மச்சான் மண்மூட்டை அடுக்கினார். சும்மா அடுக்கவில்லை. அலை எந்தக் கோணத்தில் வருகிறது என்று பார்த்து, சாய்வாக, இரண்டு வரிசையாக, பொடியன்மாரை வைத்து வேலை செய்வித்தார். வாடைக்காற்று தொடங்கிய கிழமையே மூட்டைகள் போய்விட்டன. சில சாக்குகள் மட்டும் கிழிந்து கரையில் கிடந்தன. நான் போனபோது அவர் ஒரு சாக்கைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இந்தக் கடலுக்கு ஒரு கொணம் வந்திட்டு மச்சான்" என்றார். "முந்தி இப்பிடி இல்ல. இப்ப அது நம்மளப் பாத்துக்குத்தான் வருது."

அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை. கடலுக்குக் குணம் இருக்கிறது, அது ஆளைப் பார்க்கிறது என்று ஒரு விஞ்ஞான ஆசிரியர் சொல்கிறார். பஸ்ஸில் திரும்பி வரும்போது என் மனதில் அந்த மூன்று பெட்டிகளும் வந்தன. மச்சான் மூன்றாவதிலிருந்து இரண்டாவதுக்கு வந்திருந்தார். அம்புக்குறியில் அப்படி ஒரு வழி இல்லை.

ஆனால் மச்சானைப் பற்றிச் சொல்ல எனக்கும் பெரிய தகுதி இல்லை. அந்த மாரியிலேயே ஒரு பின்னேரம், வீட்டு வளவுக்கு முன்னால் நின்ற தென்னை விழுவதை நான் பார்த்தேன். வேரோடு சாய்ந்து, தண்ணீரில் படுத்து, தலைப்பக்கத்து ஓலைகள் மட்டும் மெல்ல அசைந்தன. அடுத்த அலை என் காலடி வரை வந்தது. நான் ஒரு அடி பின்னால் வைத்து, "போதும், போ" என்றேன். வயலுக்குள் இறங்கிய மாட்டை விரட்டுகிற குரலில், சத்தமாக.

சொன்ன பிறகு சுற்றுமுற்றும் பார்த்தேன். யாரும் இல்லை. நான் யாரிடம் அதைச் சொன்னேன்? அல்லாஹ்விடம் அப்படிப் பேச மாட்டேன். கடலுக்குக் காது இல்லை என்பதும் எனக்குத் தெரியும். அன்று காலையில்தான் போனில் காற்றின் வேகத்தைப் பார்த்திருந்தேன். பஸ்ஸில் வரும்போது இறைவனிடம் துஆவும் கேட்டிருந்தேன். மூன்றும் ஒரே நாளில், ஒரே தலைக்குள். ஒன்று மற்றொன்றைத் தள்ளிவிடவும் இல்லை.

மூன்றாவது மாரிக்கு முன் மச்சான் கரைக்குப் போவதையே நிறுத்திவிட்டார். பள்ளிவாசலுக்குப் போவார், வருவார், கதிரையைக் கடலுக்கு முதுகு காட்டிப் போட்டு உட்காருவார். நான் நீரோட்டத்தைப் பற்றி ஏதோ கேட்டேன். "அல்லாஹ்ட நாட்டம் மச்சான்" என்றார். "நாம என்ன செய்ய ஏலும்?" முகத்தில் தோல்வி இருந்ததா நிம்மதி இருந்ததா என்று என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. இரண்டும் இருந்திருக்கலாம்.

அதைவிட என்னைக் குழப்பியது ராத்தா. அவள் கரையில் தடிகள் நட்டிருந்தாள். பழைய விளக்குமாற்றுக் காம்பு, நுளம்பு வலைக் கம்பு, அப்படிக் கிடைத்ததெல்லாம். காலையில் தேத்தண்ணியோடு போய் எந்தத் தடி நிற்கிறது, எது போய்விட்டது என்று பார்ப்பாள்.

"கச்சான் காத்துக்கு கொஞ்சம் திருப்பித் தருது தம்பி" என்றாள், நடுவருடத்தில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்றைச் சொல்லி. "வாடைக்கு எடுக்கிறது கூடுதல். இப்பிடியே போனா இந்த மாரிக்கு குசினிக்கு வந்திரும். ஓட்டக் கழட்டி, மரத்த எடுத்துக்கு, மகள்ட வீட்ட போவம்."

"அல்லாஹ் எடுக்கான் எண்டு நீங்கதானே சொன்னீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"ஓம். இப்பவும் அதத்தான் சொல்றன். அவன் எடுக்கிற மண்ணுல என்ட ஓடும் போகணுமா?"

அந்த ஞாயிறு வகுப்பில் மூன்று பெட்டிகளையும் கீறினேன். அம்புக்குறி போட மார்க்கரை எடுத்தவன் அப்படியே நின்றேன். பின்வரிசையில் இருந்த ஒரு தாதி, மின்விசிறி வேலை செய்யவில்லையே என்று நான் பார்க்கிறதாக நினைத்து எழுந்து சுவிட்சைப் போட்டார். பிறகு நான் வீட்டுக் கதையைச் சொன்னேன். இந்த முறை யாருடையது என்றும் சொன்னேன்.

"சேர், எங்கட வார்ட்டுலயும் அப்பிடித்தான்" என்றார் அந்தத் தாதி. "டொக்டர் மருந்து எழுதுறாரு. நான் ஊசி போடக்குள்ள அல்லாஹ்ட பேரால எண்டு பிஸ்மி சொல்லித்தான் போடுறன். நோயாளிட உம்மா கண்ணூறு எண்டு சொல்றா. எல்லாரும் ஒரு கட்டிலுக்குப் பக்கத்துலதான் நிக்கிறம். அப்ப நாங்க எந்த நிலை?"

"பரீட்சைக்கு மூன்று நிலைகளையும் வரிசையாக எழுதுங்க" என்றேன். வகுப்பு சிரித்தது.

மருதமுனைப் பெண் சிரிக்கவில்லை. "வரிசை பிழையெண்டா, அதுக்குப் பதிலா என்ன சேர்?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன். அதைக் கொப்பியில் எழுதுவதா வேண்டாமா என்று சிலர் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

வாடை தொடங்குவதற்கு முன் ஓடு கழற்றினோம். ராத்தாவின் மருமகன் ஏணியில் நின்று கழற்றிக் கொடுக்க, நான் வாங்கி ராத்தாவிடம் கொடுக்க, அவள் வைக்கோல் விரித்த லொறியில் அடுக்கினாள். மச்சான் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பின்னேரம் ஆனதும், கூரையில்லாத அறைக்குள் வெயில் சாய்வாக விழுந்தது. அப்போதுதான் அவர் எழுந்து வந்தார். தரையில் எப்போதும் பாய் விரித்துத் தொழும் இடத்தைக் காலால் தடவிப் பார்த்தார். பிறகு லொறியில் முன்னால் ஏறிக்கொண்டார்.

அந்த மாரியில் கடல் வரவில்லை.

மழை பெய்தது. காற்றும் அடித்தது. ஆனால் தண்ணீர் ராத்தாவின் கடைசித் தடி வரை வந்து நின்றுவிட்டது. மழை விட்ட பிறகு பார்த்தால், வீட்டுக்கு முன்னால் புது மணல் மேடாக ஏறிக் கிடந்தது. விழுந்த தென்னையின் அடிமரத்தைக்கூட மூடிவிட்டது. வீட்டை விடாமல் இருந்த பக்கத்து வீட்டார் அதே வீட்டில் அதே கூரையின் கீழ் இருந்தார்கள். நாங்கள் கூரையில்லாத சுவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றோம். உள்ளே மழைத்தண்ணீர் தேங்கிப் பாசி பிடித்திருந்தது.

"துஆ கபூலாகிட்டு, அல்லாஹ் கேட்டிட்டான்" என்றார் மச்சான். அவர் கண் கலங்கியிருந்தது. உடனே குனிந்து மணலை அள்ளி விரலால் தேய்த்தார். "இது இஞ்சத்த மணல் இல்ல. தடிச்ச மணல். எங்கயோ இருந்து வந்திரிக்கி."

ராத்தா தடிகளைப் பார்த்தபடி நின்றாள். "நான் பிழையாப் பாத்திட்டன்" என்றாள் மெதுவாக. பிறகு குரலை உயர்த்தி, "அதுக்காக திரும்ப ஓடு போட நான் வரமாட்டன். இது ஏமாத்துது" என்றாள்.

"யாரு ஏமாத்துற?" என்று கேட்டார் மச்சான்.

"கடல்தான்."

அவர்கள் இருவரும் அன்று என் முன்னால் முதல் தடவையாகச் சண்டை பிடித்தார்கள். மச்சானுக்கு அன்றே ஓட்டைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். ராத்தாவுக்கு இன்னும் ஒரு மாரி பார்க்க வேண்டும். "வீட்ட ஒடச்சது நீங்க" என்றார் அவர். "கதிரையப் போட்டு முதுகக் காட்டிக்கு இருந்தது நீங்க" என்றாள் அவள். கொஞ்ச நேரத்தில் இருவரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"நீ படிச்சவன்" என்றாள் ராத்தா. "நீ சொல்லு தம்பி. இதுல இரிக்க ஏலுமா ஏலாதா?"

நான் கடலைப் பார்த்தேன். நன்றாக வெளுத்து, அலையடங்கிக் கிடந்தது. என்ன சொன்னாலும் அது இருவரில் ஒருவரைத் தோற்கடிக்கும். அதோடு, உண்மையிலேயே எனக்குத் தெரியவில்லை. இதைத்தான் சொன்னேன். ராத்தாவுக்குக் கோபம் வந்தது. மச்சான், "பரவால்ல, அவரும் நம்மட ஆள்தானே" என்றார். எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று இன்றுவரை கேட்கவில்லை.

முடிவில் பாதி வழியில் ஒத்துப்போனார்கள். ஓடு மகளின் வீட்டிலேயே இருக்கட்டும். குசினிக்கும் ஒரு அறைக்கும் மட்டும் தகரம் போடலாம். மற்ற அறைகள் வானம் பார்த்தபடி கிடக்கட்டும். மாரி மாதங்களில் மகளோடு கல்முனையில், மற்ற மாதங்களில் அங்கே. இப்போதும் அப்படித்தான் இருக்கிறார்கள். கூரையில்லாத பெரிய அறையில் ராத்தா உடுப்புக் காயப்போடுகிறாள். நன்றாகக் காய்கிறது என்கிறாள்.

போன கிழமை போயிருந்தேன். மச்சான் வளவுக்குள் முருங்கைக் கம்பு ஒன்று நட்டுக்கொண்டிருந்தார். ராத்தா வாசலில் நின்று, "இன்னும் கொஞ்சம் உள்ளுக்கு வாங்க, அந்த இடம் கடலுக்குக் கிட்ட" என்றாள். அவர் கம்பைப் பிடுங்கி, வீட்டுப் பக்கமாகத் தள்ளி வைத்து, நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இது போதுமா மச்சான்?"

"போதும்" என்றேன். எதைக் கணக்கில் வைத்துச் சொன்னேன் என்று எனக்கே விளங்கவில்லை. அவர் பிஸ்மி சொல்லி, மண்ணைத் தள்ளிக் காலால் மிதித்து இறுக்கினார்.