டீஜே வண்டி எங்கே?

எங்கள் பக்கம் டீஜே என்றால் ஆள் இல்லை, வண்டி. மினி லாரியின் முதுகில் ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர் பெட்டிகளை அடுக்கி, பின்னால் ஜெனரேட்டரைக் கட்டி, கல்யாண ஊர்வலத்துக்கும் கட்சி ஊர்வலத்துக்கும் தெருவை அதிரவைத்துக்கொண்டு போகுமே, அதுதான் டீஜே. சித்தூரில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாமல் இல்லை. தெரிந்தும் வாயை விட்டேன். மூன்று வருஷத்துக்கு முன் என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள், லீவு நாளில் என்ன செய்வாய் என்று கேட்டார்கள். “டீஜேவா இருக்கேன்” என்றேன். மாப்பிள்ளையின் அம்மா கையிலிருந்த மிக்சர் தட்டைக் கீழே வைத்தார்.

“எத்தினி பாக்ஸ்?” என்றார்.

நான் சிரித்துவிட்டேன். அண்ணன் சிரிக்கவில்லை. சம்பந்தம் அன்றோடு முடிந்தது. அண்ணன் என்னோடு பேசுவதும் அன்றோடு நின்றது. வீட்டுக்குப் போனால் அண்ணியைப் பார்த்து, “அவளுக்குச் சோறு போடு” என்பார். அவ்வளவுதான் எங்களுக்குள் பேச்சு.

நான் செய்வது வேறு வேலை. வாரநாட்களில் திருப்பதியில் காது பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறேன். ஞாயிறு மதியம் ஸ்விங் ஆடுகிறவர்களுக்குப் பாட்டுப் போடுகிறேன். ஸ்விங் என்பது அமெரிக்காவின் கறுப்பின மக்கள் கொண்டுவந்த ஜோடி ஆட்டம். ட்ரம்பெட், சாக்ஸபோனோடு பெரிய பெரிய வாத்தியக் கோஷ்டிகள் வாசித்த பழைய பாட்டுகளுக்கு ஆடுவது. பெங்களூரில் வேலை பார்த்த நாலு வருஷத்தில் பிடித்த பைத்தியம், ஊர் திரும்பியும் தெளியவில்லை. அந்தத் தாளம் சம சமமாக விழாது, ஒரு பக்கம் சாய்ந்து விழும். எங்கள் தேவாலயத்தில் பாடும் கீர்த்தனைகளில் பாதி, மூன்று மூன்றாக விழும் திஸ்ர நடையில் அப்படித்தான் சாய்கின்றன. அதனால்தானோ என்னவோ, முதல் நாளே எனக்கு அது அந்நியமாகப் படவில்லை.

பாட்டுப் போடுவதில் என்ன இருக்கிறது, போனில் ஒரு பட்டியல் போட்டால் ஓடாதா என்று கேட்காத ஆள் இல்லை. ஓடும். ஆட்கள் நாற்காலிக்கு ஓடுவார்கள். என்னிடம் இருக்கும் ஒவ்வொரு பாட்டின் பக்கத்திலும், நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்று எண்ணி எழுதி வைத்திருக்கிறேன். நூற்றுப் பதினைந்தில் தொடங்கினால் புதிதாக வந்தவர்கள் எழுவார்கள். நூற்றறுபதுக்குப் போனால் பழகியவர்கள் குஷியாவார்கள். இருநூறைத் தாண்டினால் நாலைந்து பேர்தான் மிச்சம். ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்ற வேண்டும். எனக்கென்று ஒரு விதி உண்டு: ஆடுகிறவர்களைப் பார்க்காதே, உட்கார்ந்திருக்கிறவர்களைப் பார். அடுத்த பாட்டு அவர்களுக்குத்தான். இந்த ஒரு விதியில்தான் மற்றவர்களைவிட நான் மேல் என்று எனக்கு ஒரு திமிர் இருந்தது.

ஸ்விங் வகுப்பு நடத்துகிறவர் மாஸ்டர். சென்னைக்காரர், ஏர்பேடு பக்கம் ஒரு கல்லூரியில் வேலை. நன்றாக ஆடுவார், மறுக்கவில்லை. ஆனால் அவர் ஆடுவதை நாலு பேர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மற்றவர்கள் ஆடிக்கொண்டிருக்கும்போது என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று, “கொஞ்சம் ஸ்பீடா போடுங்களேன்” என்பார். மரியாதைக்குத்தான் இங்கே ‘அவர்’ என்று எழுதுகிறேன். இன்னும் கொஞ்ச தூரம்தான் அந்த மரியாதை வரும்.

திருப்பதியில் நாங்கள் ஆடிய இடம் ஒரு ஃபங்ஷன் ஹாலின் மாடி, சாப்பாடு போடுகிற கூடம். கிரானைட் தரை. பாதி நாள் சாம்பார் வழுக்கும், மீதி நாள் முட்டி வலிக்கும். இந்த ஆட்டத்துக்குப் பலகைத் தரை வேண்டும். சுற்றுவட்டாரத்தில் எனக்குத் தெரிந்த பலகைத் தரை ஒன்றுதான்: சித்தூரில் எங்கள் சபையின் மண்டபம், மிஷனரிகள் காலத்தில் கட்டியது. ஞாயிறு பள்ளியில் அந்தத் தரையில் உட்கார்ந்து வளர்ந்தவள் நான். ஸ்விங் பிடித்த நாள் முதல், அந்தப் பலகைமேல் என் பாட்டுக்கு ஒரு கூட்டம் ஆட வேண்டும் என்று ஆசை. சபைக் கமிட்டியின் செக்ரட்டரி யார்? என் அண்ணன்.

அவரிடம் போய் நின்றேன். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக நேரே என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

“டீஜேல்லாம் ஆவாது. தெரியுமில்ல?”

தெரியும். சபையாரில் ஒருவர் வீட்டுக் கல்யாண ஊர்வலத்தில் வந்த டீஜே வண்டி, தேவாலய வாசலில் கால் மணி நேரம் நின்றதில் கலர் சன்னல் ஒன்று விரிசல் விட்டது. அன்றிலிருந்து காம்பவுண்டுக்குள் அந்த வார்த்தையே ஆகாது. விரிசல் விழவைத்தது வண்டி, கெட்ட பேர் எனக்கு. பழி ஓரிடம் பாவம் ஓரிடம். ஆனாலும் தலையாட்டினேன். மனுவில் ‘நடனப் பயிற்சி, இசையுடன்’ என்று எழுதினேன். சனிக்கிழமை மதியம் இரண்டு முதல் ஆறு வரை ஹால் கிடைத்தது.

மாஸ்டரிடம் இரண்டு தடவை சொன்னேன். நோட்டீஸில் டீஜே என்ற வார்த்தை வரக்கூடாது, எங்கள் ஊரில் அதற்கு அர்த்தம் வேறு என்று விளக்கமாகச் சொன்னேன். தலையை ஆட்டினார். அடித்த நோட்டீஸில் நான் ஹெட்போன் மாட்டிய படம், கீழே ஆங்கிலத்திலும் தெலுங்கிலும் கொட்டை எழுத்தில் ‘லைவ் டீஜே’.

சனிக்கிழமை நான் ஆட்டோவில் வந்து இறங்கியபோது கேட் பாதி சாத்தியிருந்தது. அண்ணனும் கமிட்டிப் பெரியவர்கள் இருவரும் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தபடி நின்றார்கள். என் கையில் ஒரு லேப்டாப் பை, மாவு டப்பா அளவுக்கு இரண்டு ஸ்பீக்கர்.

“வண்டி எங்க?” என்றார் அண்ணன்.

“இன்னா வண்டி?”

“டீஜே வண்டி. பின்னால வந்துக்கினு கீதா?”

“நான்தான்ணா டீஜே.”

“நீ சும்மா இரு. ஊரெல்லாம் இந்த நோட்டீஸு சுத்திக்கினு கீது. போலீஸ் ஸ்டேஷன்லேர்ந்து போன் வந்துச்சி, ‘டீஜேகி பர்மிஷன் லேது’ன்றான். நம்ம நைனா உசிரோட இருந்திருந்தா இந்தக் கேட்டாண்ட நிப்பியா நீ? செக்ரட்டரி தங்கச்சியே டீஜே கூட்டியாறான்னு நாளைக்கி என்னைத்தான் கேப்பாங்க.”

“இந்த ரெண்டு டப்பாவோட சத்தம் உங்க ஆர்கன் சத்தத்துல பாதி கூட வராது. காது டெஸ்ட் பண்ற வேலை என்னுது, எனக்குத் தெரியாதா?”

“வாயாடாத.”

அதற்குள் மாஸ்டர் வந்துவிட்டார், பின்னால் ஐந்தாறு காரில் வகுப்பு. விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். தப்பு தன்னுடையது, நோட்டீஸ் அடித்தது தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவர் அண்ணனைப் பார்த்துக் கைகூப்பினார்.

“சாரி சார், சின்ன கன்ஃப்யூஷன். டீஜேன்னு யாருமே இல்ல சார். இவங்க சும்மா பாட்டு ப்ளே பண்றவங்க. வேணாம்னா சொல்லுங்க, என் ஃபோன்லயே போட்டுக்கறோம்.”

சும்மா. இங்கிருந்து அவன், ‘அவன்’தான்.

அண்ணன் என் பக்கம் திரும்பினார். “டீஜே இல்லன்னு நீ உன் வாயால சொல்லு. சொல்லிட்டு உள்ள போ.”

திரும்பிப் போயிருக்க வேண்டும். உள்ளே பலகைத் தரை, கதவிடுக்கில் தெரிந்தது. “இல்ல” என்றேன். சபையில் வளர்ந்தவளுக்கு அந்த இடத்தில், ஆண்டவரை அறியேன் என்று மறுதலித்த சீடனுக்குக் கூவியது போல, சேவல் கூவியிருக்க வேண்டும். ஆட்டோ ஹாரன்தான் கேட்டது.

உள்ளே போய் ஒயரை முரட்டுத்தனமாகக் குத்தி மாட்டினேன். அழுகை இல்லை, ஆத்திரம். அண்ணன் வாசலில் நாற்காலி போட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அண்ணி சுவரோரமாக உட்கார்ந்தார், மடியில் ஹால் சாவிக்கொத்து. முடிந்ததும் பூட்டிக்கொண்டு போக வந்தவர். அண்ணி கொயரில், சபைப் பாடகர் குழுவில், பாடுகிறவர். அண்ணனுக்கு எதிரே அவரும் என்னோடு பேசமாட்டார்.

நூற்றுப் பதினைந்தில் தொடங்கினேன். பலகைமேல் காலடிச் சத்தம் எழுந்ததும் என் ஆத்திரம் பாதி இறங்கியது. கிரானைட்டில் ஒருநாளும் கேட்காத சத்தம் அது. முதல் பாட்டிலேயே பத்து ஜோடி. மூன்றாவது பாட்டில் சுவரோரம் பார்த்தேன். அண்ணியின் விரல் சாவிக்கொத்தின்மேல் தட்டிக்கொண்டிருந்தது. வெறும் தட்டில்லை, திஸ்ரம், பிசகாமல். அவரையே பார்த்துக்கொண்டு அடுத்த பாட்டை நூற்றிருபதில் வைத்தேன். அண்ணி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அதற்கடுத்தது நூற்றிருபத்தைந்து. அவருடைய கால் இறங்கி வந்து தரையைத் தட்டியது. வடமாலபேட்டையில் பேங்க் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி போய், “வாங்க ஆன்ட்டி” என்றாள். அண்ணி வேண்டாமென்று தலையை அசைத்தார். ஆனால் சாவிக்கொத்தை மடியிலிருந்து எடுத்துப் பக்கத்து நாற்காலியில் வைத்தார். இன்னும் ஒரே பாட்டு, எழுந்துவிடுவார் என்று எனக்குத் தெரிந்தது.

அப்போதுதான் தோளுக்குப் பின்னால் அவன் வந்தான்.

“என்னங்க இது, சாவு வீடு மாதிரி போகுது? நான் டெமோ காட்டணும். என் பாட்டைப் போடுங்க.”

அவன் பாட்டு எதுவென்று எல்லோருக்கும் தெரியும். இருநூறு தட்டு, இரண்டரை நிமிடம், அளந்து வைத்துப் பழகியது. “இன்னும் ஒரு பாட்டு போகட்டும்” என்றேன்.

“நீங்க சும்மா போடுங்க. டீஜே மாதிரி பண்ணாதீங்க” என்று சிரித்தான்.

அதே பாட்டு என்னிடம் இன்னொன்று உண்டு, மேடையில் வாசித்தபோது பதிந்தது. சாவகாசமாக, சாய்ந்து சாய்ந்து தொடங்கும். ஒரு நிமிடம் கழித்து ட்ரம்ஸ்காரன் கோஷ்டியைக் கிளப்பிவிடுவான். இருநூறு, இருநூற்று முப்பது, கடைசியில் இருநூற்றெழுபது. ஆறு நிமிடம், நிற்கவே நிற்காது. தளத்தை நிரப்பத் தெரிந்தவளுக்குக் காலி செய்யவும் தெரியும். அதைப் போட்டேன்.

தொடக்கம் வேறு மாதிரி இருக்கவே ஒரு கணம் விழித்தான். பிறகு சமாளித்துக்கொண்டு தன் ஜோடியோடு நடுவில் இறங்கினான். நான் அவனையே பார்த்தேன். வேகம் ஏற ஏற மற்றவர்கள் ஒதுங்குவது ஓரக்கண்ணில் தெரிந்தது. மூன்றாவது நிமிடத்தில் அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. நாலாவதில் வாய் திறந்துகொண்டது. கால் தாளத்துக்குப் பின்னால் இழுபட்டது. என்னை நோக்கிக் கழுத்தில் கை வைத்து நிறுத்து என்று காட்டினான். ஒரு விரலால் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு சந்தோஷம் எனக்கு அந்த வருஷத்தில் கிடைத்ததில்லை.

சத்தம் திடீரென்று நின்றது. அண்ணன் ஒயரைப் பிடுங்கி, கையில் பிடித்துக்கொண்டு நின்றார். “போதும். எல்லாரும் கெளம்புங்க.”

அவன் முட்டியில் கையூன்றி மூச்சு வாங்கினான். நான் தலைநிமிர்ந்து பார்த்தேன். தரை நடுவில் பெண்கள் செருப்பு ஒன்று, ஒற்றையாகக் கிடந்தது. சுவரோரம் அண்ணி உட்கார்ந்திருந்தார், முகம் சிவந்து, ஒரு கால் வெறுங்காலாக, மடியில் மறுபடி சாவிக்கொத்து.

பேங்க் பெண் என்னிடம் வந்தாள். “ஆன்ட்டி எழுந்து வந்தாங்க. பாட்டு ஆரமிச்ச உடனே, அவங்களாவே. நல்லாத்தான் ஆடினாங்க. அப்புறம் ஸ்பீடு ஏறிச்சா, நடுவுல மாட்டிக்கினாங்க, புடவை தடுக்கி உக்காந்துட்டாங்க. ரெண்டு பேரு சிரிச்சிட்டாங்க. நீங்க பாக்கலையா?”

நான் பார்க்கவில்லை.

போய் மன்னிப்புக் கேட்கக்கூட வழியில்லை. செருப்பை எடுத்துக்கொண்டு போய் அண்ணி காலடியில் வைத்தவர் அண்ணன். நான் ஒயரைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தேன். மாஸ்டரின் வகுப்பும் எனக்கு அன்றோடு முடிந்தது.

அடுத்த ஞாயிறு ஆராதனைக்குப் போனேன், வீம்புக்குத்தான். மண்டபக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது, அண்ணனின் கையெழுத்து: ‘இந்த மண்டபத்துக்குள் இனி டீஜேவுக்கு அனுமதி இல்லை.’ இரண்டு தடவை படித்தேன். அந்தக் கதவு நாலடி அகலம். அதற்குள் எந்த வண்டியும் நுழையாது. அப்படியானால் அதில் சொல்லியிருப்பது ஆளை. டீஜே என்பது ஓர் ஆள் என்று எங்கள் ஊரில் முதலில் எழுதி ஒட்டியது என் அண்ணன். கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று போனை எடுத்தேன்.

பின்னால் அண்ணி நின்றார், கொயர் முடிந்து வந்தவர். அக்கம்பக்கம் பார்த்தார். அண்ணன் இல்லை.

“படிச்சிட்டியா?” என்றார்.

“ம்.”

“அன்னைக்கி பாட்டு பாட்டா மாத்தி, என்னையே பாத்துக்கினு இருந்தே. சரி, நீ கூப்புடுறேன்னுதான் எழுந்து வந்தேன்.” புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டார். “அதுக்கப்புறம் எங்க பாத்துக்கினு இருந்தேம்மா?”

படம் எடுக்காமல் போனைப் பைக்குள் போட்டேன்.